பாங்கு ஊழியர் பாங்கு குடித்த கதை

வங்கி என்ற நல்ல தமிழ் வார்த்தை புழக்கத்துக்கு வருவதற்கு முன்னால் நம் பத்திரிகைகளில் பேங்க்கை 'பாங்கு' என்றுதான் அச்சடிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த யாராவது காசிக்குப் போய், கொதோலியா சந்திப்புப் பக்கம் உள்ள சந்துகளில் நுழைந்து, 'சர்க்காரி பாங் கீ துகான்' என்று எழுதிய போர்டைப் படித்தால், 'அட, அரசுடைமை வங்கி! ஆனால் ஏன் இவ்வளவு சின்ன ஜன்னல்?' என்றுதான் நினைப்பார்கள். ஜன்னல் உண்டு, கம்பி உண்டு, உள்ளே ஒரு கேஷியர் உண்டு, வெளியே க்யூவும் உண்டு. ஆனால் அங்கே கிடைப்பது டிராஃப்ட் அல்ல. பச்சை நிறத்தில், நெல்லிக்காய் சைஸில், ஓர் உருண்டை.

கஞ்சாச் செடியின் இலையை அரைத்து உருட்டிய உருண்டை. உத்தரப்பிரதேச அரசின் கலால் துறை லைசென்ஸ் கொடுத்து விற்கச் சொல்லும் சரக்கு. 'என்னது, கவர்மெண்டே கஞ்சா விக்குதா?' என்று ஆபீஸில் சீட்டை விட்டு எழுந்து நிற்க வேண்டாம். அந்த சட்ட வேடிக்கைக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஊர்.

சென்னை சென்ட்ரலில் கங்கா காவேரி எக்ஸ்பிரஸில் ஏறினால் ஒன்றரை நாளில் காசி. நாங்கள் போனது மாசி கடைசியில், ஹோலிக்குப் பத்து நாள் முன்பு. நாங்கள் என்றால், நான், ஒரு பாங்கில் கேஷியராக இருக்கும் நண்பர், அவருடைய அம்மா. நண்பரின் அப்பா காலமாகி வருஷாப்திகம் முடிந்திருந்தது. காசியில் ஐந்து கட்டங்களில் படகில் போய்ச் செய்யும் பஞ்ச தீர்த்த சிராத்தத்தை முடித்துவிட்டால் மாமிக்கு நிம்மதி. நான் எதற்கு? பெட்டி தூக்க என்று வைத்துக் கொள்ளுங்கள். பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதுகிறவனை வேறு எதற்கும் யாரும் கூப்பிடுவதில்லை.

தங்கியது அனுமன் காட் பக்கம். அங்கே கண்ணைக் கட்டி இறக்கிவிட்டால் கும்பகோணத்தில் ஒரு சந்து என்று சத்தியம் செய்வீர்கள். வாசலில் கோலம், உள்ளே ஃபில்டர் காபி வாசனை, 'வாங்கோ, எந்த ஊர்?' என்று விசாரணை. 1898-இல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பதினாறு வயதுப் பையன் இந்தச் சந்தில்தான் அத்தை வீட்டில் தங்கிப் படித்து, தலைப்பாகை கட்டப் பழகி, பாரதியாராகிற வேலையை ஆரம்பித்தான். அந்த வீட்டில் 2022-இல் நினைவகம் திறந்தார்கள். வட இந்தியாவில் வழி கேட்க இந்தி தெரிய வேண்டும் என்பவர்கள் இந்த இரண்டு தெருவை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அனுமன் காட்டிலிருந்து கேதார் காட் வழியாகக் கரையோரமே நடந்தால் தசாசுவமேத கட்டம். அங்கிருந்து மேலே ஏறினால் கொதோலியா. மனிதர், மாடு, சைக்கிள் ரிக்ஷா, புடவைக் கடை ஏஜெண்ட் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் வராத இடம். இங்கேதான் தண்டைக் கடைகள்.

தண்டை என்பது 'தண்டா' என்கிற குளிர்ச்சியிலிருந்து வந்த பெயர். பாதாம், வெள்ளரி வகை விதைகள், சோம்பு, மிளகு, ஏலக்காய், கசகசா, ரோஜா இதழ் எல்லாவற்றையும் ஊற வைத்து, அம்மியில் விழுதாக அரைத்து, பாலில் கரைத்து, துணியில் வடிகட்டி, குங்குமப்பூ போட்டு, மேலே ஒரு கரண்டி மலாய். முதல் வாயில் பாதாம் பாலின் தூரத்து உறவு மாதிரி இருக்கும். இரண்டாவது வாயில் சோம்பு வரும். விழுங்கிய பிறகுதான் தொண்டையின் பின்பக்கம் மிளகு மெதுவாகக் கதவைத் தட்டும். நான் குடித்ததிலேயே புத்திசாலித்தனமான குளிர்பானம் இதுதான். நம்ம ஜிகர்தண்டா ரசிகர்கள் மன்னிக்கவும்.

இது சாதா. 'பாங் வாலா' என்று கேட்டால், கடைக்காரர் ஒரு கிண்ணத்திலிருந்து பச்சை விழுதை விரலால் வழித்து உள்ளே கலக்குவார். எவ்வளவு? அவர் விரல் எவ்வளவோ அவ்வளவு. ஐ.எஸ்.ஐ. முத்திரையெல்லாம் கிடையாது.

விழுதைத் தனியாக நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தேன். மருதாணி அரைத்த கையை மோந்து பார்த்திருக்கிறீர்களா? அந்த வாசனை. ருசி, முருங்கைக்கீரையை வதக்காமல் வெறுமனே வேக வைத்தால் எப்படியோ அப்படி, கொஞ்சம் கசப்பு தூக்கலாக. பார்வைக்கு அசல் தீபாவளி லேகியம். இதைத் தனியாகச் சாப்பிடும் ஆசாமிகளுக்குக் கோயில் கட்டலாம். பாலும் மிளகும் சோம்பும் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது: பாதி, இந்தக் கசப்பை மறைக்க. மீதி பாதி ரசாயனம். இந்தச் செடியின் போதைச் சரக்கு தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். பாங்கைப் பாலிலும் நெய்யிலும் மலாயிலும் சேர்த்த கிழவர்கள் எந்தக் காலேஜிலும் கெமிஸ்ட்ரி படித்தவர்கள் அல்ல.

வெளிநாட்டில் இதே செடிக்கு ஒயினுக்குப் போல மெனு கார்டு போடுகிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் 'காபி ஷாப்' என்று பெயர் வைத்துக்கொண்டு, ஒருவருக்கு ஐந்து கிராமுக்கு மேல் கிடையாது என்று விற்கிறார்கள். கனடாவில் 2018 முதல் சட்டப்படியே கடை. ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு பெயர், 'இது எலுமிச்சை வாசனை, இது மண் வாசனை, இது குடித்தால் உடம்பு தளர்ந்து சோபாவில் சாய்வீர்கள்' என்று வர்ணனை வேறு. வாசனை விஷயம் நிஜம்தான். மாம்பழத்தில் இருக்கும் மிர்சீன், மிளகில் இருக்கும் கேரியோஃபிலீன், தனியாவில் இருக்கும் லினலூல், எலுமிச்சைத் தோலில் இருக்கும் லிமோனீன் எல்லாம் இந்தச் செடியிலும் உண்டு. நம் அஞ்சறைப் பெட்டியின் பாதி! ஆனால் 'இண்டிகா என்றால் தூக்கம், சாடிவா என்றால் சுறுசுறுப்பு' என்று கார்டில் போடுவதைப் பெரும்பாலான விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்வதில்லை. பெயருக்கும் உள்ளே இருக்கும் சரக்குக்கும் பெரிய சம்பந்தமில்லை என்கிறார்கள். சினிமா டைட்டில் மாதிரிதான். (அந்த 'இண்டிகா' என்ற பெயரே, இந்தியாவிலிருந்து போன செடியைப் பார்த்து லாமார்க் என்ற பிரெஞ்சுக்காரர் 1785-இல் வைத்தது. ராயல்டி வரவில்லை.)

காசிக்காரர்களுக்கு மெனு கார்டு தேவையில்லை. அவர்களுக்கு இது 'பூட்டி', மூலிகை. சம்ஸ்கிருதத்தில் 'விஜயா'. சிவனுக்குப் பிடித்தது, ஆகவே எங்களுக்கும் பிடித்தது என்கிற நேரடியான தர்க்கம். சிவராத்திரி, ரங்பரி ஏகாதசி, ஹோலி மூன்றுக்கும் ஊரே பச்சை. 'குடித்தேன்' என்று சொல்ல மாட்டார்கள். 'சானா' என்பார்கள், அதாவது வடிகட்டினேன்.

எங்கள் படகுக்காரருக்கு அறுபது வயதிருக்கும். அவர் சொன்ன 'பஹ்ரி அலங்' கதைதான் எனக்கு இந்தப் பயணத்திலேயே ரொம்பப் பிடித்தது. பழைய பனாரஸில் நெசவாளி, வியாபாரி, பயில்வான் என்று நாலு சிநேகிதர்கள் சேர்ந்து மத்தியானத்துக்கு மேல் படகில் அக்கரை மணல்திட்டுக்குப் போய்விடுவார்களாம். கூடவே அம்மிக்கல், குழவி, பாதாம், மிளகு, பூட்டி. ஒருவர் அரைப்பார். மற்றவர்கள் எண்ணெய் தேய்த்துக் கொள்வார்கள், தண்டால் எடுப்பார்கள். அப்புறம் வடிகட்டிக் குடித்துவிட்டு, காலைக் கடனைச் சாயந்திரம் கழித்து, கங்கையில் முங்கி, துணியைத் துவைத்துக் காயவைத்து, இருட்டும்போது திரும்பி வந்து பான் போட்டுக் கொள்வது. ஊருக்கு வெளிப்பக்கம் போவது என்று அர்த்தம். நீதா குமார் என்ற ஆய்வாளர் 1988-இல் வந்த தன் புத்தகத்தில் பனாரஸ் கைவினைக்காரர்களைப் பற்றி எழுதும்போது இந்தப் பழக்கத்தை விரிவாகவே சொல்லியிருக்கிறார். காஷுவல் லீவு அப்ளிகேஷன் இல்லாமல் இப்படி ஒரு லீவு! ஒன்றைக் கவனித்தீர்களா? அரைக்கவே ஒரு மணி நேரம். கூட்டாளிகள் தெரிந்தவர்கள். அளவு தெரிந்தது. அப்புறம் எங்கேயும் போக வேண்டிய அவசரமில்லை.

எங்கள் கேஷியருக்கு இதில் ஒன்றுகூட இல்லை.

சாயந்திரம் ஐந்தே முக்காலுக்குக் கடைக்குப் போனோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு சிராத்தப் படகு. மத்தியானம் மாமியோடு பலகாரம் மட்டும் சாப்பிட்டதால் வயிறு காலி. "காசிக்கு வந்துட்டு இதைக் குடிக்காம போனா ஆபீஸ்ல மானம் போயிடும்ப்பா" என்று நண்பர் பாங் வாலா ஒன்று வாங்கினார். நான் சாதா. அரை மணி ஆயிற்று. "ஒண்ணுமே இல்லையே. பால் பாயசம் மாதிரி இருக்கு. டூரிஸ்ட்னு ஏமாத்திட்டான்யா" என்று, நான் தடுப்பதற்குள் இரண்டாவது கிளாஸையும் வாங்கி மடமடவென்று இறக்கிவிட்டார்.

பாங்கு ஊழியராச்சே, புரியும்படி சொல்கிறேன். புகைப்பது கரண்ட் அக்கவுண்ட். போட்டவுடன் எடுக்கலாம், சில நிமிஷத்தில் தலைக்கு ஏறிவிடும். சாப்பிடுவது ஃபிக்ஸட் டெபாசிட். அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை பாஸ் புத்தகத்தில் என்ட்ரியே விழாது. டி.எச்.சி. என்கிற அந்தச் சரக்கு குடலிலிருந்து ஈரலுக்குப் போய், அங்கே இன்னும் வீரியமான வேறொன்றாக மாறி, பிறகுதான் மூளைக்கு வருகிறது. வந்தால் ஆறு மணி, எட்டு மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் நகராது. 'ஒன்றும் ஆகவில்லையே' என்று இரண்டாவது கிளாஸ் அடிப்பவர், முதல் டெபாசிட் முதிர்வதற்குள் இரண்டாவதைப் போட்டவர். இரண்டும் ஒரே நாளில் முதிரும்.

ஆறரைக்கு மேல் தசாசுவமேதத்தில் கங்கா ஆரத்தி. ஏழு மேடை, ஏழு பேர், அடுக்கடுக்கான தீபம். நண்பர் கொஞ்ச நேரம் பக்தியாகத்தான் இருந்தார். திடீரென்று விரலை நக்கி நக்கி எதையோ எண்ண ஆரம்பித்தார். தீபங்களை! "ஒரு கட்டு குறையுதுப்பா" என்றார். அப்புறம் சிரிப்பு. பக்கத்தில் நின்ற குஜராத்திப் பாட்டியின் தொப்பி, அந்தத் தொப்பியின் குஞ்சம், குஞ்சம் ஆடுகிற விதம் எல்லாமே அவருக்கு அன்று சிரிப்பாக இருந்தது. உண்மையில் அந்த ஒரு மணி நேரம் அவர் முகத்தில் பார்த்த அமைதியை இன்க்ரிமெண்ட் வந்த அன்றுகூட நான் பார்த்ததில்லை. "சத்தம் எல்லாம் பஞ்சு மாதிரி இருக்கு" என்றார். தோள்கள் இறங்கிவிட்டன. அப்பா போனதிலிருந்து ஒரு வருஷமாகத் தூக்கிக்கொண்டே இருந்த தோள்கள்.

பிறகு பசி. எட்டு கச்சோரி, ஒரு மண் குடுவை ரப்டி. அப்புறம் மண் குடுவையையே ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபது நிமிஷ நடையில் பாதி வந்ததும் நின்றார். "நாம எப்ப கிளம்பினோம்? நேத்தா?" வாய் வறண்டு நாக்கு ஒட்டிக் கொண்டது. இரண்டு டெபாசிட்டும் முதிர்ந்துவிட்டது! சந்தில் எதிரே ஒரு மாடு வர, சுவரோடு ஒட்டிக்கொண்டு, "என் ஹார்ட் நிக்கப் போறதுப்பா. அம்மா கிட்ட சொல்லிடு" என்றார். கை ஜில்லென்று இருந்தது. நாடி பிடித்துப் பார்த்தால் நிற்பதாவது, ஓடிக்கொண்டிருந்தது! அதுவரை வேடிக்கையாக இருந்தது எனக்கும் அந்த நிமிஷத்தில் வேடிக்கையாக இல்லை. மணிகர்ணிகா பக்கமிருந்து 'ராம் நாம் சத்ய ஹை' கேட்கிற ஊரில், அப்பாவுக்குச் சிராத்தம் செய்ய வந்தவருக்கு, தன் இதயம் நிற்பதாகத் தோன்றுவதை யோசித்துப் பாருங்கள்.

அறையில் படுக்க வைத்து, விளக்கைக் குறைத்து, தண்ணீர் கொடுத்து, 'இது பாங்கு வேலை, காலையில் போயிடும்' என்பதைப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மந்திரம் மாதிரி சொன்னேன். எலுமிச்சை, தயிர், ஊறுகாய் என்று காசியில் ஆளுக்கொரு முறிவு சொல்வார்கள். நிஜமான முறிவு நேரம்தான். இந்தச் சரக்கு ஒட்டிக்கொள்ளும் இடங்கள் மூளையில் ஞாபகம், பசி, பயம், காலக் கணக்கு இவற்றின் டிபார்ட்மெண்டுகளில் நிறைய. மூச்சை ஓட்டும் அடித்தண்டில் மிகக் குறைவு. அபின் மாதிரி மூச்சை நிறுத்தாததற்கு அதுதான் காரணம். ஆனால் இதயத் துடிப்பை ஏற்றிவிடும். இதய நோயாளிக்கும், குடும்பத்தில் மனநோய் உள்ளவருக்கும் இது விளையாட்டுச் சாமான் அல்ல. மார்வலி, மயக்கம் என்றால் எலுமிச்சம்பழத்தைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

(நம் மூளையே இதே பூட்டுக்குச் சொந்தமாக ஒரு சாவி செய்கிறது. 1992-இல் ஜெருசலேமில் அதைக் கண்டுபிடித்தவர்கள், நம் சம்ஸ்கிருத 'ஆனந்த'த்தை எடுத்து 'ஆனந்தமைட்' என்று பெயர் வைத்தார்கள். நண்பருக்கு அன்று ராத்திரி ஆனந்தம் ஓவர் டிராஃப்ட்.)

காலை ஆறு மணிக்கு எழுப்பினால் கட்டை. ஏழு மணிக்கும் கட்டை. மாமி வந்து நின்றாள். மகனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஜுரமா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் சாஸ்திரிகள் வந்துவிட்டார். மூன்று தலைமுறையாகக் காசிவாசம். கண் இமையைத் தூக்கிப் பார்த்து, "தண்டையோன்னோ? ஒரு கிளாஸா, ரெண்டா?" என்றார். ரெண்டு என்றேன். "அப்ப பத்து மணிக்குப் படகைச் சொல்லிடறேன். பரவாயில்லே மாமி, மத்தியான காலத்துக்குள்ள ஆயிடும். மாசத்துக்கு ரெண்டு கர்த்தா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுக் காபி கேட்டார்.

மாமி திட்டுவாள் என்று நினைத்தேன். மகன் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே, "ஒரு வருஷமா ராத்திரி ரெண்டு மணிக்கு முன்னாடி இவன் தூங்கி நான் பார்க்கலே. தூங்கட்டும்" என்றாள். அவ்வளவுதான்.

பத்து மணிக்கு அசி, தசாசுவமேதம், வருணா, பஞ்சகங்கா, மணிகர்ணிகா என்று ஐந்து கட்டமும் ஆயிற்று. நண்பர் கண் சிவந்து, வாய் குழறாமல், ஆனால் ஒவ்வொரு மந்திரத்துக்கும் அரை வினாடி தாமதமாகப் பிண்டம் வைத்தார். மணிகர்ணிகாவில் மட்டும் கொஞ்ச நேரம் அழுதார். அது பாங்கு இல்லை.

இப்போது சட்டம். 1893-இல் வெள்ளைக்காரன் இந்தச் செடியைப் பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் போட்டான். ஏழு பேர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள், 1894-இல் ஏழு வால்யூம் அறிக்கை. அளவாக உபயோகிப்பவர்களுக்குப் பெரிய கெடுதல் இல்லை, அளவு மீறினால் கெடுதல், அடியோடு தடை செய்ய வேண்டாம் என்று முடித்தார்கள். அப்புறம் நம்முடைய 1985-ஆம் வருஷத்து என்.டி.பி.எஸ். சட்டம் வந்தது. அதில் 'கஞ்சா' என்றால் பூவும் காயும் உள்ள நுனிக் கொத்து. 'சரஸ்' என்றால் பிசின். நுனியோடு சேராத வெறும் இலையும் விதையும் கஞ்சா அல்ல! ஒரே செடி. நுனியைக் கிள்ளினால் ஜெயில், இலையைக் கிள்ளினால் லைசென்ஸ். இன்கம்டாக்ஸ் சட்டத்தில்கூட இவ்வளவு அழகான ஓட்டையை நான் படித்ததில்லை.

ஆனால் அந்த ஓட்டை மாநிலத்துக்கு மாநிலம் அளவு மாறும். 2022-இல் பெங்களூரில் 29 கிலோ பாங்குடன் ஒருவரைப் பிடித்தார்கள். வெறும் இலையில் செய்த பாங்கு அந்தச் சட்டத்தில் வராது என்று கர்நாடக உயர்நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. சரி, அதுவரை? உள்ளேதான். நம் ஊரில் பாங்குக்கு லைசென்ஸ் கடையே கிடையாது. அரைத்த பச்சை உருண்டையில் இலை மட்டும் இருக்கிறதா, பூவும் கலந்திருக்கிறதா என்று ரயில்வே போலீஸ்காரர் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. லேப்தான் சொல்ல வேண்டும். லேப் ரிப்போர்ட் வரும்வரை எங்கே இருப்பீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். பூ கலந்திருந்தால் ஒரு கிலோவுக்குள் இருந்தாலும் ஒரு வருஷம் வரை கடுங்காவலுக்கு வழி உண்டு. பாங்கு உத்தியோகம் போய்விடும்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஊருக்குக் கிளம்புகிற அன்று நம்ம கேஷியர் பூரண குணமடைந்து, "ஆபீஸ்ல பசங்களுக்கு ஒரு பத்து உருண்டை வாங்கிக்கவா? தீபாவளி லேகியம்னு சொல்லிக்கலாம்" என்றார். மாமிதான் பதில் சொன்னாள்: "வாங்கிக்கோடா. நான் அடுத்த ரயில்ல வரேன்." பத்து ரூபாய்க்கு கங்கா ஜலச் சொம்பு வாங்கிக்கொண்டு வண்டி ஏறினார்.

கொதோலியாவில் தண்டை கேட்கும்போது 'பினா பாங்' என்று இரண்டு தடவை சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் அங்கிருக்கும் சத்தத்தில் 'பாங்' மட்டும்தான் கடைக்காரர் காதில் விழும்.